வல்லினம் மிகா இடம்

பிப்ரவரி 3, சனி

மேல்தொட்டி கழுவ ஆள் வருவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை. நானே ஏறிக் கழுவினேன். ஐம்பத்தாறு வயதில் ஏணியில் நிற்கும்போதுதான் தொலைபேசி அடிக்கும்.

ஒரு பெண். பெயர் பர்வீன் என்றாள். அவிநாசி சாலையில் பழைய நூற்பாலைக் கிடங்கு ஒன்றைக் கலை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே நிகழ்ச்சிப் பொறுப்பாளராம். பத்தாம் தேதியிலிருந்து பதினெட்டு வரை காணொளிக் கவிதைகளும் குறும்படங்களும் திரையிடுகிறார்கள். பதினான்கு படங்கள். சுவரில் ஒட்டும் குறிப்புகளையும் திரையில் வரும் தமிழ் எழுத்துகளையும் பிழை பார்த்துத் தர வேண்டும்.

"காணொளிக் கவிதைன்னா என்னம்மா?"

"கவிதையை வாசிக்கறதுக்குப் பதிலா படமா எடுக்கறதுங்க சார். சிலதுல குரல் வரும். சிலதுல திரையில எழுத்து மட்டும் வரும்."

"எழுத்தே வருதுன்னா படம் எதுக்கு?"

சிரித்தாள். "அதை நீங்க வந்து பார்த்துட்டு எங்களுக்குச் சொல்லுங்க சார்."

என் பெயரை யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இந்த ஊரில் ஒற்றுப் போடத் தெரிந்தவன் வேறு யார் இருக்கிறான்?

மதியம் அழைப்பிதழின் வரைவு வந்தது. 'வீடியோ கவிதைகள் மற்றும் குறும் படங்கள்' என்று தொடங்குகிறது. ஐந்தே சொற்கள், மூன்று பிழைகள். கூடவே படங்களின் பட்டியல். எட்டாவதாக: பிழை – நாச்சிமுத்து – 6 நிமிடம் 30 வினாடி.

என் மனைவி விசாலம் எட்டிப் பார்த்து, "யாரோட லிஸ்ட்டு?" என்றாள். அருங்காட்சியகத்துடையது என்றேன். "அதுல யாரு யாரு இருக்காங்கன்னு கேட்டேன்" என்றாள். எனக்குத் தலைவலி. படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எதிர்வீட்டுக்காரர் மறுபடியும் எங்கள் வாசலை அடைத்துக் காரை நிறுத்தியிருக்கிறார். நான் எழுதிய கடிதத்தை நாளிதழ் போட்டிருக்கிறது, கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு. கடிதமே கடைசிப் பத்திக்காகத்தான் எழுதப்பட்டது. கல்லூரியில் துறைத்தலைவர் பதவியை 'சில்லறை'க்கு இடையின ர போடுகிறவரிடம் கொடுத்தார்கள்; நான் விருப்ப ஓய்வு வாங்கி வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குப் பிரிவுபசார விழாவாம். அழைப்பு வந்திருக்கிறது. போகப் போவதில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

பதின்மூன்று படங்களின் எழுத்துகளை முடித்தேன். எட்டாவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

நாச்சிமுத்துவைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. கல்லூரியில் நாங்கள் ஒரே விடுதி அறை. பிறகு நான்கு ஆண்டுகள் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். அவன் ஆசிரியர், நான் மெய்ப்புப் பார்ப்பவன். 1996இல் அவனுடைய முதல் தொகுப்பு வந்தது. எட்டு மாதம் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வெளியீட்டு விழாவில் மேடையேறி நன்றி சொன்னான்: "இந்தப் புத்தகத்துல கவிதையெல்லாம் என்னோடது. ஒற்றெல்லாம் தண்டபாணியோடது."

மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைகாட்டினான். நின்றேன். அன்றிலிருந்து இந்த ஊர் இலக்கியக் கூட்டங்களில் எனக்கு 'ஒற்றர்' என்று பெயர். "ஒற்றர் வந்துட்டாரு, பார்த்துப் பேசுங்கப்பா" என்பார்கள்.

அதற்குச் சில நாள் முன்பு என் கவிதைகளின் கையெழுத்துப்படியை அவனிடம் கொடுத்திருந்தேன். முப்பத்தொரு கவிதைகள். விழா முடிந்த வாரம் திருப்பி அனுப்பினான். முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: 'ஒரு பிழைகூட இல்லை. அதுதான் குறை. உட்கார்ந்து பேசுவோம், வா.'

போகவில்லை. அதன் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கவிதையும் எழுதவில்லை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனுக்குத் தொண்டையில் புற்று என்று கேள்விப்பட்டேன். குரல்வளையை எடுத்துவிட்டார்களாம். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு கிடையாது. போய்ப் பார்த்திருப்பேன். அப்போது கொரோனா. பிறகு கொரோனா போய்விட்டது.

எட்டாவது கோப்பில் இருந்தது இவ்வளவுதான்:

மூச்சு பிழை
பேச்சு பிழை
எழுத்து பிழை
நட்பு பிழை

நான்கு வரி, நான்கு தப்பு. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்பது முதலாண்டுப் பாடம். மூச்சுப் பிழை. பேச்சுப் பிழை. எழுத்துப் பிழை என்பதையே எழுத்துப் பிழையோடு எழுதுகிறவனை என்ன செய்வது? கடைசியில் நட்புப் பிழை. நட்பில் நேர்ந்த பிழை. யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மண்டபத்தில் வைத்துச் சொன்னான், இன்றைக்குத் திரை கட்டிச் சொல்கிறான்.

திட்டுவதானாலும் சரியான தமிழில் திட்டட்டும். நான்கு வரிகளிலும் 'ப்' போட்டேன்.

பர்வீன் படத்தின் இணைப்பையும் அனுப்பியிருந்தாள். திறக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். இரவுக்கு ரசம் மட்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் பர்வீன்.

"சார், எட்டாவது படத்துல ஒரு சின்ன சந்தேகம். எடிட்டர் கேக்கறாருங்க. அதுல முதல்ல 'மூச்சு'ன்னு வருது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் 'பிழை' வருது. நீங்க ப் போட்டுட்டீங்களா, இப்ப 'மூச்சுப்'னு தனியா நிக்குது. பாதியில வெட்டின மாதிரி இருக்குதுங்க."

"ஒற்றைத் தொங்க விடக்கூடாது. ரெண்டு சொல்லையும் சேர்த்து ஒண்ணாப் போடச் சொல்லும்மா."

"நடுவுல இருக்கற இடைவெளி போயிருமே சார்."

"போகட்டும்."

"நீங்க படம் பார்த்தீங்களா சார்?"

"எழுத்தைத்தானே பார்க்கச் சொன்னீங்க?"

"இல்லீங்க, அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமான்னு..."

"பிழை திருத்தறதுக்கு எழுதினவனைக் கேட்டுட்டிருந்தா உலகத்துல ஒரு புத்தகமும் வெளிய வராது."

சிரித்துவிட்டு, "சரிங்க சார்" என்றாள்.

நல்ல வாக்கியம் என்று எனக்கே பட்டது. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன். மாலையில் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இப்போது சொட்டுவதில்லை.

பிப்ரவரி 10, சனி

விசாலம் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். "மியூசியத்துக்குப் போறேன். வர்றீங்களா?"

"உனக்கு அங்க என்ன?"

"பாக்கறதுக்கு."

நான் போகவில்லை. ஏழு மணிக்குத் திரும்பினாள். கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாச்சிமுத்து அண்ணன் வரலை. முடியலையாம். கலாமணி மட்டும் வந்திருந்தா. கடைசி நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னா."

கலாமணி நாச்சிமுத்துவின் மனைவி.

"அவகூட உனக்கென்ன பேச்சு?"

"பதினஞ்சு வருசமாப் பேசிட்டுத்தான் இருக்கறோம். ஆபரேசனப்பவும் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். நீங்க கேக்கலை, நான் சொல்லலை."

சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை எடுத்துப் போகும்போதுதான் நின்றாள்.

"அந்த எட்டாவது படம் எனக்குப் புரியலைங்க. படத்துல ஒண்ணு நடக்குது, எழுத்துல வேறொண்ணு வருது."

"நவீனக் கவிதை அப்படித்தான்."

"என்னமோ. நீங்க ஒருதரம் போய்ப் பாருங்க."

பிப்ரவரி 11, ஞாயிறு

பர்வீன் அனுப்பிய இணைப்பைச் சும்மா அழுத்திப் பார்த்தேன். காலாவதியாகிவிட்டதாம்.

பிப்ரவரி 12, திங்கள்

சுவர்க் குறிப்புகளைச் சரியாக ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க அருங்காட்சியகம் போனேன். திங்கட்கிழமை மூடியிருக்குமாம். கேட்டில் 'விடுமுரை' என்று பலகை. என்னிடம் வராத பலகை.

பிப்ரவரி 13, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்குப் போனேன். பஞ்சுப்பொதி அடுக்கிய கிடங்கு. கூரை உயரம், உள்ளே இருட்டு. தடுப்புத் தடுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு திரை, முன்னால் ஒரு பெஞ்சு. சுவர்க் குறிப்புகள் சரியாகத்தான் இருந்தன. ஒன்றிரண்டு படங்களையும் பார்த்தேன். ஒரு பெண் உப்பளத்தில் நடந்துகொண்டே இருக்கிறாள். அவள் காலடியில் உப்பு நொறுங்கும் ஓசைதான் கவிதை, சொல்லே கிடையாது. ஏளனமாகத்தான் நின்றேன். முடியும்வரை நகரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஊட்டிப் பேருந்து நிலையத்தில் ஒரு படம்: பனி வர வர, திரையில் இருக்கும் கவிதையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. மறைந்த எழுத்தை மனம் தானாகப் போட்டுக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம்தான்.

பிறகு எட்டாவது தடுப்பு. பெஞ்சில் இரண்டு கல்லூரிப் பெண்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன்.

ஒரு கை முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. அதை வாய்க்கு நேராகப் பிடிக்கவில்லை, கழுத்துக்கு நேராக. கழுத்துத் துளையிலிருந்து மூச்சு வந்து கண்ணாடியில் ஆவி படிகிறது, மறைகிறது, மறுபடி படிகிறது. அவன் முகத்தைக் காட்டவில்லை. அந்தக் கை அவனுடையது என்று எனக்குத் தெரிந்தது. நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு. காட்சி தொடங்கும்போதே மேலே ஒட்டிய சீட்டுப் போல 'மூச்சுப் பிழை' என்று வந்துவிட்டது.

அடுத்து, தொலைபேசி அடிக்கிறது. எடுக்கிறான். வாய் திறக்கிறது, ஓசை இல்லை. நகத்தால் தொலைபேசியை இரண்டு முறை தட்டுகிறான். மறுமுனையில் கலாமணியின் குரல்: "சரிங்க, தெரிஞ்சுது, பால் வாங்கிட்டு வந்தர்றேன்." 'பேச்சுப் பிழை' என்றது என் எழுத்து.

அடுத்து வெயில் காயும் மொட்டைமாடி. தண்ணீரில் விரலைத் தொட்டுச் சிமெண்டுத் தரையில் 'அ' எழுதுகிறான். வெயில் அதை உறிஞ்சுகிறது. முழுக்கக் காய்வதற்குள் அதன் மேலேயே மறுபடி எழுதுகிறான். மறுபடி. மறுபடி. 'எழுத்துப் பிழை'.

கடைசியாக ஒரு தேநீர்க்கடை பெஞ்சு. இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றைக் குடிக்கிறான். அவனால் மெதுவாகத்தான் குடிக்க முடிகிறது. மற்றது அப்படியே இருக்கிறது, ஆடை படிந்துவிட்டது. கடைக்காரர் அதை எடுக்க வருகிறார். கையால் தடுக்கிறான். கைக்குட்டையை நான்காக மடித்து டம்ளரின் மேல் மூடுகிறான், சூடு போகாமல். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு நிமிடத்துக்கு மேல் வேறொன்றும் நடக்கவில்லை. இவ்வளவு நேரமும் அவன் தலைக்கு மேல் 'நட்புப் பிழை' என்று நின்றது.

"யாருக்குடி அந்த டீ?" என்றாள் ஒருத்தி.

"வராத ஆளுக்கு."

"அப்புறம் ஏன் பிழைங்கறாரு? தப்புன்னா எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே? எதுக்கு மூடி வெக்கறாரு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உடல் சில்லிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். பாடம் மறந்த மாணவனைப் போல இருந்தது.

விளித்தொடரில் வல்லினம் மிகாது. 'தம்பி போ' என்பதற்கு நடுவில் யாரும் ஒற்றுப் போட மாட்டார்கள். கூப்பிட்டுச் சொல்கிறோம், அவ்வளவுதான். இருபத்தெட்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய விதி. அவன் தப்புகளைப் பட்டியல் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். மூச்சே, பிழைத்துக்கொள். பேச்சே, பிழைத்துக்கொள். எழுத்தே, பிழைத்துக்கொள். கடைசியில் நட்பையும்.

ஒரு காற்புள்ளி போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. போட்டுத்தான் இருந்தான். 'மூச்சு' என்று காட்டி, கொஞ்ச நேரம் விட்டு, 'பிழை' என்று காட்டியிருந்தான். அந்த இடைவெளிதான் காற்புள்ளி. அதைத்தான் போகட்டும் என்றேன்.

மூன்று முறை பார்த்தேன். அந்தப் பெண்கள் போன பிறகும்.

பிப்ரவரி 14, புதன்

பர்வீனின் அறைக்குப் போனேன். முப்பது வயதிருக்கும். மேசையெல்லாம் கம்பிச்சுருள். விவரத்தைச் சொன்னேன். 'என்னால் நேர்ந்தது' என்று சொல்லத்தான் நினைத்தேன். 'ஒரு சிறு குழப்பம்' என்றுதான் வாயில் வந்தது.

"மாத்திரலாம் சார், பழைய ஃபைல் இருக்குது. ஆனா அவர் சரின்னு சொல்லணும். திருத்தின படத்தை ஒம்போதாம் தேதியே அவருக்கு அனுப்பிட்டேனுங்க."

"பார்த்தானா?"

தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். நாச்சிமுத்து கேட்டிருந்தான்: 'திருத்தியவர் யார்?' இவள் எழுதியிருந்தாள்: 'தண்டபாணி சார். நீங்கள் சொன்னவர்தான்.' நான்கு மணி நேரம் கழித்து அவனுடைய பதில்: 'அப்படியே இருக்கட்டும்.'

"'நீங்கள் சொன்னவர்'னா?"

"அவருதானுங்க சார் உங்க பேரைக் குடுத்தாரு. தமிழை நீங்கதான் பார்க்கணும்னு. முதல் நாளே சொன்னேன்னு நினைச்சேனே?"

சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த நான்கு வரிகளை அவன் என் கையில்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். படிக்கச் சொல்லி. நான் அவற்றைத் திருத்தி அனுப்பிவிட்டேன். நட்பு பிழைக்கட்டும் என்று அவன் கேட்டதற்கு, நட்புப் பிழை என்று நான் பதில் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். விசாலம் இரண்டு முறை ஏதோ கேட்டாள்.

பிப்ரவரி 15, வியாழன்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஐந்து வரைவுகள். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் கை தானாகத் திருத்தத் தொடங்குகிறது. திருத்தி முடித்தால் கல்லூரி முதல்வருக்கு எழுதிய விண்ணப்பம் போல ஆகிவிடுகிறது.

"எழுதாதீங்க. போங்க" என்றாள் விசாலம். அவளிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அண்ணன் இருக்கற வடவள்ளி என்ன வெளிநாடா?"

"பதினெட்டாம் தேதி அவனே வர்றானே. அங்க பார்த்துக்கறேன்."

"இப்படித்தான் கொரோனா முடியட்டும்னீங்க."

பிப்ரவரி 16, வெள்ளி

வடவள்ளி பேருந்தில் ஏறினேன். மருதமலைச் சாலையில் எனக்கு ஒரு மின்சாதனக் கடையில் வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கடைசித் திரையிடல் நான்கு மணிக்கு. பெரிய திரையில் பதினான்கையும் வரிசையாகப் போடுகிறார்கள். மூன்றரைக்கே போய்விட்டோம்.

கலாமணி அவனைக் கைபிடித்து அழைத்துவந்தாள். பாதியாக இளைத்திருக்கிறான். கழுத்தில் வெள்ளைத் துணி. தோளிலிருந்து கயிற்றில் தொங்கும் சிறிய வெள்ளைப் பலகை, அதில் கட்டிய மார்க்கர். பேச வேண்டியதை அதில் எழுதுகிறான்.

"வாங்கண்ணா" என்றாள் கலாமணி என்னைப் பார்த்து. "வழி மறந்துட்டீங்கன்னு நினைச்சோம்."

"கலா, சும்மா இரு" என்றாள் விசாலம்.

"நான் என்னக்கா சொல்லிட்டேன்? வாங்கன்னுதானே சொன்னேன்."

நாச்சிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். பலகையில் எழுதித் திருப்பினான்: 'நரை உனக்கு நல்லா இருக்கு.'

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "நாச்சி, அந்த ஒற்று... அது விளித்தொடர்னு எனக்குத் தெரியலை" என்றேன்.

அவன் எழுதினான். முன்பெல்லாம் கோழிக் கிறுக்கலாக எழுதுவான். இப்போது ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி எழுதுகிறான். 'தெரிந்துதான் போட்டாய் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறாய் என்று.'

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆமாம், கோபத்தில் போட்டேன், இப்போது கோபம் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். கோபப்படுகிறவன் குறைந்தது எதிரில் உட்கார்ந்து கேட்டிருப்பான்.

"பார்க்கலை" என்றேன். "படத்தை நான் பார்க்கவே இல்லை. எழுத்தை மட்டும்தான் பார்த்தேன்."

மார்க்கரைப் பிடித்தபடி நின்றான். துணியால் பலகையைத் துடைத்தான். பிறகு இரண்டு சொற்கள் எழுதினான்.

'ஆறரை நிமிடம்.' படத்தின் மொத்த நீளம் அவ்வளவுதான்.

பக்கத்திலிருந்து எட்டிப் படித்த கலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளக்கை அணைத்தார்கள். அவர்கள் முன்வரிசைக்குப் போய்விட்டார்கள்.

எட்டாவது படம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போட்ட துணியின் நுனி மூச்சுக்கு மூச்சு அசைந்தது. திரையில் என்னுடைய நான்கு ஒற்றுகளும் ஒழுங்காக வந்து போயிருக்கும்.

முடிந்ததும் பார்வையாளர்கள் கேள்வி கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் எழுந்தார். "சார், வாழ்க்கையில எல்லாத்தையுமே பிழைன்னு சொல்றீங்களே, கடைசியில நட்பைக்கூட. இவ்வளவு கசப்பு ஏன்?"

பர்வீன் ஒலிவாங்கியோடு என்னைப் பார்த்தாள். விசாலம் என் முழங்கையைத் தொட்டாள். இங்கே எழுந்து, அந்தக் கசப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. மண்டபத்தில் நூறு பேர் இருந்தார்கள்.

அதற்குள் நாச்சிமுத்து எழுதிவிட்டான். கலாமணி பலகையை வாங்கி உயர்த்திப் பிடித்தாள்: 'எழுதியது ஒன்று, படிப்பது ஒன்று. இரண்டையும் நான் தடுக்க முடியாது.' கைதட்டினார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

கிளம்பும்போது, "வர்றோங்கண்ணா" என்றாள் கலாமணி. அவன் காரில் ஏறி உட்கார்ந்து பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

வீடு வரைக்கும் விசாலம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நேற்று காலை அவனை மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் சளி. பார்வையாளர்களை விடுவதில்லையாம். கலாமணி விசாலத்திடம் சொன்னாள். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று விசாரித்தேன். "அவளுக்கு இப்ப அதுதான் வேலையா?" என்றாள் விசாலம்.

பழைய பெட்டியில் என் கையெழுத்துப்படியைத் தேடினேன். கிடைத்தது. பன்னிரண்டு கவிதைகள் வரை வாசித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

பிப்ரவரி 21, புதன்

பர்வீன் அழைத்தாள். கண்காட்சியில் இருந்த ஐந்து படங்களை அருங்காட்சியகம் நிரந்தரச் சேகரிப்பில் வைத்துக்கொள்கிறது. எட்டாவது படமும் அதில் உண்டு. வெள்ளிக்கிழமை பெட்டகத்தில் வைத்து முத்திரை போட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

"பழைய படமா, திருத்தின படமா, எதை வைக்கறதுன்னு கேட்டு அவருக்கு அனுப்பியிருந்தேனுங்க சார். ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் பதில் வந்துது."

"என்ன சொன்னான்?"

"'திருத்தியவரைக் கேள்'னு அனுப்பியிருக்காரு."

"வேறெதுவும் இல்லையா?"

"இல்லீங்க சார்."

அது கேலியா, கோபமா, எழுதத் தெம்பில்லாமல் சுருக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவனைத்தான் கேட்க வேண்டும். உள்ளே விட மாட்டார்கள்.

உடனே கிளம்பிப் போனேன். பர்வீன் ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். சேகரிப்புக்குப் போகும் படைப்பில் எந்த மாற்றம் செய்தாலும் அதை நிரப்பிப் படத்தோடு வைக்க வேண்டுமாம். பின்னால் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

மாற்ற வேண்டியது என்ற இடத்தில் எழுதினேன்: நான்கு இடங்களில் 'ப்' நீக்கம். சொற்களுக்கு இடையே கவிஞர் முதலில் வைத்திருந்த இடைவெளியை மீண்டும் சேர்த்தல்.

அடுத்தது, மாற்றத்துக்கான காரணம். ஒற்றைக் கோடு, நான்கு விரல் நீளம். 1996 மண்டபம் அதில் அடங்காது. தேநீர்க்கடை பெஞ்சும் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் முன்னால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது அடங்கவே அடங்காது. இவ்வளவுதான் எழுதினேன்: எழுத்துப்பிழை. செய்தவர், தண்டபாணி.

பர்வீன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள்.

"இதுல ப் வருமுங்களா சார்?"

"இதுல வரும்மா" என்றேன்.